மிளகளவு தோல்

டொக்டர் பாக்கியலெட்சுமி முதுகைத் தொட்டுப் பார்க்கவில்லை. சஜீவனியின் சப்பாத்தையும் கால்மேஸையும் கழற்றச் சொன்னார்.

யேசுரத்தினத்துக்கு அது விளங்கவில்லை. மகளின் இடது தோள்பட்டைக்குக் கீழே கல்லை வைத்துத் தைத்தது போல ஒரு கட்டி. கழுத்து திரும்பாது, யாராவது கூப்பிட்டால் முழு உடம்போடு திரும்புவாள். இடது கை தோளுக்கு மேலே போவதில்லை. ஒன்பது வயது. எட்டு மாதமாக எத்தனையோ பேர் பார்த்துவிட்டார்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் பார்த்தார்கள், பசறையில் பார்த்தார்கள். எல்லாரும் முதுகைத்தான் பார்த்தார்கள். பதுளைக்கு வந்த பிறகு இந்த அம்மா ஒருவர்தான் காலைப் பார்க்கிறார்.

இரண்டு பெருவிரல்களும் பிறந்ததிலிருந்தே குட்டை. மற்ற விரல்களின் பக்கம் சாய்ந்திருக்கும். லயத்து வரிசை வீடுகளில் யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. சப்பாத்து வாங்கும்போது மட்டும் அவன் மனைவி றோசாலி ஒரு அளவு பெரிதாக வாங்குவாள்.

"கட்டிய யாராவது வெட்டிப் பாத்தாங்களா?" என்று டொக்டர் கேட்டார்.

"ஒரு பிரைவேட் கிளினிக்ல பெரிய ஊசியால குத்திக் கொஞ்சம் எடுத்தாங்க, டொக்டர். புத்துநோயான்னு பாக்க. அது இல்லன்னுட்டாங்க."

"அதுக்குப் பெறகு?"

"பெருசாச்சுங்க."

"தேச்சீங்களா? எண்ணெய் போட்டு?"

யேசுரத்தினம் மனைவியைப் பார்த்தான். றோசாலி மடியில் கிடந்த மேஸை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க" என்றான் அவன். "பசறையில எலும்புக்குக் கட்டுப் போடுற தம்பையா எண்ணெய் குடுத்தாரு. நாந்தான் தேய்ச்சேன். தேயிலை ஸ்டோர்ல வேல முடிஞ்சு வந்து தெனமும் தேய்ப்பேன். அழுத்தித் தேச்சாத்தான் கட்டி கரையும்னாரு. பிள்ள அழும். அழுதாலும் விடமாட்டேன்."

டொக்டர் பேனையை மூடி வைத்தார். சஜீவனியைத் தாதியோடு வெளியே அனுப்பிவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். இது பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு வருகிற நோய். மற்றவர்களுக்கு அடிபட்டால் சதை சதையாக ஆறும்; இவளுக்கு எலும்பாக ஆறுகிறது. விழுந்தாலும், இடித்தாலும், சதைக்குள் ஊசி போட்டாலும், அழுத்தித் தேய்த்தாலும் அந்த இடம் வீங்கும், வீங்கிய இடம் எலும்பாகும். வெட்டி எடுத்தால் இன்னும் அதிகமாக வளரும். வீக்கத்தைக் குறைக்க மாத்திரை இருக்கிறது. எலும்பாவதை நிறுத்த இங்கே மருந்து இல்லை.

"இனிமே தேய்க்காதீங்க" என்றார். "நீங்க தெரியாம செஞ்சது. தேய்க்காம இருந்தாலும் சில நேரம் அது தானா வரும்."

பின்னால் சொன்னது யேசுரத்தினத்தின் காதில் விழவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அன்றிலிருந்து தோட்டம் அவனுக்கு வேறு இடமாகிவிட்டது. பிறந்து வளர்ந்த லயம்தான். ஆனால் முன்பக்க இஸ்தோப்புத் திண்ணையிலிருந்து முற்றத்துக்கு இறங்கும் மூன்று படிகளும் அவன் கண்ணில் இப்போதுதான் பட்டன. பாசி பிடித்த கழிவுநீர்க் கான், பள்ளிக்கூடத்துக்குப் போகும் சரிவுப் பாதை, பந்து விளையாடும் பிள்ளைகள், வாலை ஆட்டிக்கொண்டு பாய்ந்து வரும் பக்கத்து வீட்டு நாய் எல்லாமே பிள்ளையைத் தள்ளிவிடக் காத்திருந்தன. படிகளின் விளிம்பில் தேயிலைச் சாக்கை மடித்து ஆணி அடித்தான். கானுக்கு மேலே பலகை போட்டான். டொக்டர் எழுதித் தந்த கடிதத்தைப் பொலித்தீன் உறையில் போட்டு சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போடும் நாள் வந்தபோது ஸ்டோரில் சொல்லிக்கொள்ளாமல் ஓடி, அதிபருக்கும் தாதிக்கும் கடிதத்தைக் காட்டி, மகளைக் கூட்டிக்கொண்டு வந்தான். அந்த அரைநாள் சம்பளம் போனது அவனுக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

பிள்ளையைத் தொடுவதை மட்டும் அடியோடு விட்டுவிட்டான்.

சஜீவனிக்கு அது நாலைந்து நாளில் தெரிந்துவிட்டது. "அப்பா, தல சீவி விடு" என்றாள். "அம்மா வரட்டும் பாப்பா" என்றான். "அப்பா, தூக்கு" என்றாள். "நடந்தே போவோம், மெதுவா" என்றான். படுக்கும்போது காம்பரா அறையின் அந்தக் கோடியில் பாயைப் போட்டுக்கொண்டான். தூக்கத்தில் கை காலைப் போட்டு அவளை இடித்துவிட்டால் என்ன செய்வது?

"அவ ஒண்ணும் முட்ட இல்ல" என்றாள் றோசாலி ஒரு நாள் காலையில், கொழுந்துப் பையைத் தலையில் மாட்டிக்கொண்டே. "நீங்க ஒதுங்குறது அவளுக்கு வலியவிட மோசமா இருக்கு."

தன் கையை அவன் நம்பவில்லை, அவ்வளவுதான்.

புரட்டாதிக் கடைசியில், கிளினிக்குக்குப் போன நாளில், டொக்டரின் அறையில் இன்னொரு பெண் இருந்தாள். முப்பது வயதிருக்கும். தலையை மூடிய சாம்பல் நிற ஸ்காஃப். பெயர் ரிஸ்கா, பதுளைக் கடைவீதியில் சாமான்கடை வைத்திருக்கும் மஹ்ரூப் ஹாஜியாரின் மகள். நகரத்துக்கு வெளியே மேட்டில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள்.

"தோல்ல இருக்கிற கலங்கள, செல்லுன்னு சொல்றத, எடுத்து, அத எலும்பு கட்டுற கலமா மாத்துறதுதான் என் வேல" என்றாள் ரிஸ்கா. "உடம்புக்குள்ள இல்ல, வெளிய, தட்டுல வச்சு. உங்க மகளோட தோல்ல ஒரு மிளகளவு கெடச்சா, அவட உடம்புக்குள்ள நடக்கிறத நாங்க வெளிய நடத்திப் பாக்கலாம். எந்த மருந்து அத நிறுத்துதுன்னு தட்டுல சோதிச்சுப் பாக்கலாம். பிள்ளைல சோதிக்கத் தேவல்ல."

யேசுரத்தினம் டொக்டரிடம் திரும்பினான். "கத்தி வைக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சதைக்குள்ள வைக்கக் கூடாது" என்றார் டொக்டர். "இது தோல் மட்டும். வெளிநாட்டுல இந்த நோய் உள்ள பிள்ளைகள்ட்ட எடுத்திருக்காங்க. முன்னாலயும் பின்னாலயும் மாத்திரை குடுப்போம். ஆனா பயமே இல்லன்னு சொல்லமாட்டேன்."

"இதால இவளுக்குச் சுகம் வருமா?"

கேள்வி ரிஸ்காவிடம் போனது. அவள் அவன் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "இப்ப வராது அண்ணன். எப்ப வரும்னும் எனக்குத் தெரியாது."

அவன் எழுந்துவிட்டான். "வா, றோசாலி" என்று மட்டும் சொன்னான்.

ஒரு கிழமை அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுக்கவில்லை. எட்டாம் நாள் றோசாலிதான் எடுத்தாள். "அந்த மிஸ் பொய் சொல்லல. சுகமாக்கிருவேன்னு சொன்னவன் எல்லாரும் கெடுத்துட்டுத்தான் போனான். இவ ஒருத்திதான் தெரியாதுன்னு சொன்னா."

"வெட்டின எடத்துல வளந்தா?"

"வெட்டாட்டியும் வளரும். டொக்டர் சொன்னாங்க, நீங்க கேக்கல." அவள் அடுப்பை ஊதினாள். "போய்ப் பாருங்க. பாத்துட்டு வந்து வேணாம்னு சொல்லுங்க. பாக்காம சொல்லாதீங்க."

அதனால் அவன் தனியாகப் பல்கலைக்கழகத்துக்குப் போனான். வேண்டாம் என்று நேரில் சொல்லிவிட்டு வருவதாகத்தான் நினைத்துக்கொண்டு போனான்.

ரிஸ்கா அவனுக்குப் பச்சை அங்கியும் காலுறையும் கொடுத்து உள்ளே கூட்டிப் போனாள். ஸ்டோரின் இரைச்சலில் பதினெட்டு வருடம் வேலை செய்தவனுக்கு அந்த அறையின் அமைதி உறுத்தியது. ஒரு இரும்புப் பெட்டியைத் திறந்து காட்டினாள். உள்ளே இளஞ்சூடு. "எப்பவும் முப்பத்தேழு பாகை. நம்ம உடம்புச் சூடு" என்றாள். தட்டுகள் அடுக்கி வைத்திருந்தன, ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், ரோஸ் நிறத் தண்ணீரோடு.

ஒரு தட்டை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தாள். "இது என்ட தோல்." புல்லை வாரிப் படுக்கப் போட்டது போல நீளநீளமாக ஏதோ தெரிந்தது. "இதுக்கு எலும்பாகச் சொல்லி மூணு கிழமையா மருந்து ஊத்தினன். அங்கொண்ணு இங்கொண்ணுதான் கேட்டிருக்கு. எலும்புச் சத்து படிஞ்ச எடத்துல மட்டும் பிடிக்கிற சாயம் ஒண்ணு இருக்கு. அது ஊத்தினா எப்படித் தெரியுதுன்னு பாருங்க." அடுத்த தட்டில் நாலைந்து சிவப்புப் புள்ளிகள், குங்குமம் சிந்தியது போல.

பிறகு மூன்றாவது தட்டு.

அதற்கு நுணுக்குக்காட்டி தேவைப்படவில்லை. தட்டின் அடி முழுவதும் சிவப்பு. திட்டுத்திட்டாக, ஒன்றோடொன்று ஒட்டி, ஓரத்தில் தடித்து, பார்க்கும்போதே கெட்டி என்று தெரிந்தது.

"இது வெளிநாட்டுல ஒரு ஆள்ட தோல். சஜீவனிக்கு இருக்கிற அதே நோய். ஊத்தினது அதே மருந்துதான், அதே மூணு கிழமைதான்."

யேசுரத்தினத்துக்கு, தன் மகளின் முதுகுக்குள் இருப்பதை வெளியே எடுத்துக் கையில் தந்தது போல இருந்தது. இப்படித்தான் அங்கே ஒட்டியிருக்கும். ஒவ்வொரு நாளும் தன் கட்டை விரலுக்கு அடியில் இதுதான் இருந்திருக்கும்.

"இத யாரு தேச்சா?" என்று கேட்டான். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு பைத்தியக்காரத்தனமான கேள்வி என்று தெரிந்தது.

ரிஸ்கா சிரிக்கவில்லை. டொக்டர் அவளுக்கு எல்லாம் சொல்லியிருக்க வேண்டும். "ஒருத்தரும் தேய்க்கல அண்ணன். தட்டுல யாரும் கை வைக்கேலாது. கொஞ்சம் சொன்னவுடனே இது எலும்பாகிரும். அதுக்குள்ளயே அப்பிடி ஒரு பிழை எழுதியிருக்கு. தேச்சது நல்லதில்லதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா பிழைய எழுதினது நீங்க இல்ல."

அவன் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். ஆறுதலாகவும் இருந்தது, முன்னைவிடப் பயமாகவும் இருந்தது. கை காரணம் என்றால் கையைக் கட்டிக்கொள்ளலாம். உள்ளேயே இருப்பதை எங்கே கொண்டுபோய்க் கட்டுவது?

"இந்த ஆள்ட கலம் இருக்குத்தானே? அது போதாதா?"

"இது இன்னும் ரெண்டு மூணு தடவதான் பெருகும். பெறகு செத்திரும். அதோட ஒரு ஆளுக்குக் கேக்கிற மருந்து இன்னொரு ஆளுக்குக் கேக்கும்னு இல்ல. எனக்கு இன்னொரு ஆள் வேணும். இந்த மாகாணத்துல எனக்குத் தெரிஞ்சது உங்க மகள் மட்டுந்தான்."

வேண்டாம் என்று சொல்லாமலே அவன் திரும்பி வந்தான்.

கடைசியில் கேட்கப்பட வேண்டியவளிடம் கேட்டார்கள். றோசாலி கேட்டாள். சஜீவனி ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே யோசித்தாள்.

"எடுத்துட்டு எங்க வப்பாங்க?"

"ஒரு பெட்டியில. சூடா வச்சிருப்பாங்களாம்" என்றான் யேசுரத்தினம்.

"தனியாவா?"

"இல்ல. அந்த மிஸ்ஸோட தோலும் பக்கத்துல இருக்கு."

"சரி" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "வலிச்சா நான் கத்துவேன்" என்றாள்.

ஐப்பசி பிறந்து இரண்டாம் கிழமை, காலை ஒன்பது மணிக்கு எடுத்தார்கள். மூன்று நாள் முன்னாலேயே மாத்திரை தொடங்கியிருந்தது. இடது மேல்கையில் எடுப்பதாக டொக்டர் சொன்னார். ஏன் இடது என்று யேசுரத்தினம் கேட்டான். டொக்டர் கொஞ்சம் தயங்கினார்.

"அந்தத் தோள் ஏற்கனவே பூட்டிக்கிச்சு. தப்பித் தவறி ஏதாவது ஆனாலும், இழக்கிறதுக்கு அங்க அதிகம் மிச்சமில்ல."

அந்த வார்த்தை அவனுக்குள் அப்படியே நின்றுவிட்டது. வெளியே மரப்பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளிருந்து கத்தல் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தான். வரவில்லை. பத்து நிமிடத்தில் ரிஸ்கா ஒரு சிறிய குப்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், கிட்டத்தட்ட ஓடுவது போல வெளியே போனாள். குப்பியின் அடியில் வெள்ளையாக ஒன்று கிடந்தது. மிளகு அளவுகூட இல்லை.

டொக்டர் தையல்காரர் நாடா ஒன்று கொடுத்தனுப்பினார். காலையில் ஒரு தடவை, மேல்கையின் சுற்றளவு. முதல் நாள் பதினேழரை சென்டிமீற்றர். றோசாலி நாடாவைப் பிடிப்பாள். யேசுரத்தினம் தள்ளி நின்று இலக்கத்தைப் படிப்பான். வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குப் போகுமுன் அதுதான் முதல் வேலை. இரண்டாம் நாள் பதினேழரை. மூன்றாம் நாளும் அதுவே. நாலாம் நாள் பதினேழே முக்கால். நாடாவைத் தளர்த்திப் பிடித்திருப்பாள் என்று சொல்லிக்கொண்டார்கள்.

ஐந்தாம் நாள் பதினெட்டரை. பிளாஸ்டரைச் சுற்றிச் சிவந்து, தடித்து, தொடுமுன்பே சூடு தெரிந்தது.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. றோசாலி பிள்ளைக்குச் சட்டை மாட்டினாள். ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடித்தார்கள். இரவு முழுக்க மழை பெய்திருந்தது, இன்னும் விடவில்லை. பசறையில் வேறு பஸ் மாறி, பதுளைக்குப் பாதித் தூரம் போயிருப்பார்கள்; ஒரு வளைவில் பஸ் நின்றது. நடத்துனர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"ரோட்டுல மண் வந்திருக்கு. இனிப் போகாது. அந்தப் பக்கம் பதுளை பஸ் நிக்குது. போறவங்க நடந்து போய் ஏறுங்க."

வளைவைத் தாண்டியதும் பாதை இல்லை. மேலே இருந்த தேயிலை மலை ஒரு துண்டு வழுக்கி, ரோட்டை மூடிக்கொண்டு, கீழே இறங்கியிருந்தது. தேயிலைச் செடிகள் வேரோடு தலைகீழாகக் கிடந்தன. தாண்ட முப்பது அடியாவது எடுத்து வைக்க வேண்டும். யாரோ இரண்டு மூன்று பலகைகள் போட்டிருந்தார்கள். ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகக் கையைப் பிடித்துக்கொண்டு கடந்துகொண்டிருந்தார்கள். கணுக்கால் வரை புதைந்தது. ஒரு கிழவர் வழுக்கி உட்கார்ந்து, எழுந்து, வேட்டியை உதறிக்கொண்டு போனார். அவருக்கு அது வெறும் சேறு.

றோசாலி சேற்றைப் பார்க்கவில்லை, மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கொஸ்லந்தைக்காரி. அங்கே மலை சரிந்தபோது அவளுடைய சின்னம்மா வீட்டில் ஐந்து பேரை மண் எடுத்துக்கொண்டு போனது.

"தண்ணி சேறா வருது" என்றாள். "இன்னும் எறங்கும். திரும்பிப் போறதுன்னா இப்ப போகணும். தாண்டுறதுன்னாலும் இப்பவே."

யேசுரத்தினம் பிள்ளையின் கையைப் பார்த்தான். சட்டைக் கைக்கு மேலாகவே வீக்கம் தெரிவது போல இருந்தது. நடக்க விட்டால் விழுவாள். கழுத்துத் திரும்பாதவள், காலடியைக் குனிந்து பார்க்கவும் முடியாதவள். ஒரு தடவை விழுந்தால் போதும், இடுப்பு, முழங்கால், எதுவும் பூட்டிக்கொள்ளும்.

"நான் தூக்குறேன்" என்றான்.

தூக்கத் தெரியவில்லை. கையைப் பிடித்துத் தூக்கக் கூடாது. கக்கத்தில் கை கொடுக்கக் கூடாது. முதுகில் அந்தக் கட்டி. கடைசியில் முட்டிக்கு அடியில் ஒரு கையும் இடுப்புக்கு அடியில் ஒரு கையும் கொடுத்து, பலகையை ஏந்துவது போல ஏந்தினான். கடைசியாகத் தூக்கியபோது இருந்ததைவிடக் கனமாக இருந்தாள்.

றோசாலி முன்னால் போனாள். ஒவ்வொரு இடத்திலும் காலை ஊன்றிப் பார்த்து, "இங்க வைங்க", "இங்க வேணாம்" என்று திரும்பாமலே சொன்னாள். அவன் அவள் குதிகாலை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தான். பாதி தூரம் வந்தபோது மேலே எங்கோ சடசடவென்று ஒலித்தது. முன்னால் போனவர்கள் ஓடினார்கள். அவனால் ஓட முடியாது. ஓடினால் விழுவான். நின்றான். கற்கள் உருண்டு வந்தன. ஒன்று அவன் தோளில் பட்டுத் தெறித்தது. அவளைக் குனிந்து மூடிக்கொண்டான்.

"அப்பா" என்றாள் சஜீவனி அவன் நெஞ்சுக்குள்ளிருந்து, "இறுக்கிப் புடிக்காத."

அவன் விரல்களைத் தளர்த்த முயன்றான். அவை அவன் சொல்லைக் கேட்கவில்லை. சத்தம் நின்ற பிறகு இன்னும் பதினைந்து அடி எடுத்து வைத்தான். மறுபக்கம் கல்ரோடு காலில் பட்ட பிறகும் அவளை இறக்கவே பயந்து, அப்படியே பஸ்ஸில் ஏறி, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பண்ணிப் பார்த்தார்கள். டொக்டர் பாக்கியலெட்சுமி திரையை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு பிளாஸ்டரை உரித்தெடுத்தார். அதன் சதுர வடிவத்திலேயே தோல் சிவந்து தடித்திருந்தது.

"சதையில ஒண்ணும் இல்ல. பிளாஸ்டர் பசைக்குத் தோல் ஒத்துக்கல. அவ்வளவுதான்."

றோசாலி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். யேசுரத்தினம் நின்றுகொண்டிருந்தான். அப்போதுதான் தாதி பிள்ளையின் சேறு பட்ட உடுப்பை மாற்றினாள். வலது தொடையின் வெளிப்பக்கம் நாலு விரல்கள் பதிந்திருந்தன, நீலம் பாரித்து. அவனுடைய விரல்கள்.

டொக்டரும் பார்த்தார். மாத்திரையை இன்னும் பத்து நாள் நீட்டினார். நாடாவை இனித் தொடைக்கும் பிடிக்கச் சொன்னார்.

அந்தப் பத்து நாளைப் பற்றி யேசுரத்தினம் பிற்பாடு யாரிடமும் பேசியதில்லை. வேலைக்குப் போனான். கொழுந்து வாடும் தட்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டு இலக்கங்களை நினைத்துக்கொண்டிருப்பான். முப்பத்திரண்டு. முப்பத்திரண்டு. முப்பத்திரண்டேகால். ஞாயிறு பூசையில் முழங்காலிட்டபோது செபம் வரவில்லை; இலக்கம்தான் வந்தது. ஏழாம் நாள் நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, பத்தாம் நாள் எங்கே இருந்தது என்று தேட வேண்டியிருந்தது. தொடையில் ஒன்றும் வளரவில்லை. தோல் எடுத்த இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் மிஞ்சியது.

தை மாதம் நடுவில், ஒரு சனிக்கிழமை காலை, சஜீவனி எழுந்து வலது தோள் வலிக்கிறது என்றாள்.

யாரும் வெட்டாத தோள். யாரும் தேய்க்காத, பிடிக்காத, இடிக்காத தோள். நாலு நாளில் எலுமிச்சம்பழ அளவு வீங்கியது. மாத்திரையைக் கூட்டினார்கள், வீக்கம் குறைந்தது, பிறகு இறுகியது. மாசிக் கடைசியில் வலது கையும் காதுக்கு மேலே போகாமல் நின்றுவிட்டது.

யேசுரத்தினம் அந்த நாட்களில் பாயை அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டான். அவள் திரும்பிப் படுக்க முடியாமல் முனகும்போது, அன்று ஏந்தியது போல இரண்டு கையையும் அடியில் கொடுத்துத் திருப்பி விட்டான். பயம் குறைந்ததால் செய்யவில்லை. ஒதுங்கி நின்றபோதும் அது வந்ததே.

பங்குனியில் ரிஸ்கா தொலைபேசியில் கூப்பிட்டாள். மூன்று பேரும் போனார்கள். சஜீவனிக்கு நுணுக்குக்காட்டியில் குனிய முடியாது என்று, ரிஸ்கா படத்தைக் கணினித் திரையில் விட்டிருந்தாள்.

"இது நீங்க" என்றாள் சஜீவனியிடம். நீளநீளமான புல். "எலும்பாகச் சொல்லாம விட்டது."

அடுத்தது சிவப்பு. யேசுரத்தினம் எதிர்பார்த்துத்தான் வந்திருந்தான். ஆனால் இது அந்த வெளிநாட்டு ஆளின் தட்டைவிடத் தடித்திருந்தது.

"அவருக்கு இருபத்தொரு நாள் எடுத்துச்சு. இவட கலத்துக்குப் பதினாறு நாள்" என்றாள் ரிஸ்கா. மறைக்காமல் சொன்னாள். "வேகமாத்தான் இருக்கு."

பிறகு மூன்று தட்டுகள், எலும்பாவதை நிறுத்துமா என்று பார்க்க மூன்று வெவ்வேறு மருந்து ஊற்றியவை. முதல் இரண்டும் சிவப்பு. மூன்றாவதில் அங்கங்கே புள்ளிகள். ரிஸ்காவின் சொந்தத் தோல் இருந்த தட்டைப் போலவே.

றோசாலி திரையின் மிக அருகே போய் நின்றாள்.

"இது தட்டு, அக்கா" என்றாள் ரிஸ்கா மெதுவாக. "பிள்ள இல்ல. தட்டுல நின்ன எல்லாம் உடம்புல நிக்கும்னு இல்ல. மூணு தடவ திருப்பிச் செஞ்சேன், மூணு தடவையும் நின்னுச்சு. அதுக்கு மேல சொன்னா பொய். இத வெளிநாட்டுல மருந்து செய்றவங்களுக்கு அனுப்பியிருக்கேன். பிள்ளைகள்ல சோதிக்கத் தொடங்கினா இவட பேர் அந்த லிஸ்ட்ல இருக்கும்."

"எத்தன வருசம் ஆகும், மிஸ்?" என்று யேசுரத்தினம் கேட்டான்.

"தெரியாது அண்ணன்."

அவன் மனதுக்குள் கணக்குப் போட்டான். எட்டு மாதத்தில் இடது தோளும் கழுத்தும். இரண்டு மாதத்தில் வலது தோள். இனி இடுப்பு இருக்கிறது, முழங்கால் இருக்கிறது, தாடை இருக்கிறது. தாடை பூட்டிக்கொண்டால் எப்படிச் சாப்பிடுவாள் என்பதை டொக்டரிடம் இன்னும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று நினைத்தான்.

சஜீவனி முழு உடம்போடு ரிஸ்காவின் பக்கம் திரும்பினாள்.

"மிஸ், ஊத்தும்போது அதுக்கு வலிக்குமா?"

"வலிக்காது. அதுக்கு வலி தெரியாது."

"அப்ப நல்லா ஊத்திப் பாருங்க" என்றாள் சஜீவனி. "எல்லாத்தையும் ஊத்திப் பாருங்க. எனக்கு ஊத்தாட்டிப் போதும்."

ரிஸ்கா தலையாட்டிவிட்டுத் தட்டுகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். பெட்டிக் கதவின் மேலே ஒட்டியிருந்த தாளில் அன்றைய தேதியை எழுதினாள். அதற்குப் பக்கத்தில் அடுத்த மருந்தின் இலக்கத்தையும், பதினாறு நாள் தள்ளி ஒரு தேதியையும் எழுதினாள். யேசுரத்தினம் அந்தத் தேதியைப் பார்த்து வைத்துக்கொண்டான். மூன்று மணிக்கு பசறை பஸ். மேட்டிலிருந்து வாசல் வரை இருபத்தாறு படி. மழை பெய்து ஈரமாகக் கிடந்தன. அவன் ஒரு படி கீழே, அவளுக்கு முன்னால், பின்பக்கமாகவே இறங்கினான். விழுந்தால் அவன் மேல்தான் விழ வேண்டும்.